ஏழாம் லயத்துக் கோப்புறை

மூன்றாவது தடவையும் அதே பதில்தான் வந்தது. அக்சஸ் இஸ் டினைட்.

கணேசமூர்த்தி மவுஸிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். சுவர்க் கடிகாரத்தில் எட்டே முக்கால். பதினொரு மணிக்கு நுவரெலியாவிலிருந்து மண்சரிவு அதிகாரி வருகிறார். அதற்குள், திரையில் மஞ்சளாக உட்கார்ந்திருக்கும் ‘ஏழாம் லயம்’ என்ற கோப்புறை திறந்தாக வேண்டும். முடியாது என்கிறது கணினி. யாரைப் பார்த்துச் சொல்கிறது? இந்த வீட்டுக் கணினியின் அட்மினிஸ்ட்ரேட்டரைப் பார்த்து!

இதில் பெரிய கேவலம் என்னவென்றால், பூட்டியவரும் அவரேதான்.

கொட்டகலைக்கு மேலே, பஸ் பாதையிலிருந்து இரண்டு கட்டை தூரம் ஏறினால் அந்தத் தோட்டத்தின் மேற்பிரிவு. கணேசமூர்த்தி அங்கே வெளிக்கள உத்தியோகத்தர். அது கடிதத்தில். லயத்து ஜனங்களுக்கு அவர் கண்டாக்கையா. காலை ஆறரைக்குப் பெரட்டுக் களத்தில் நின்று யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதே வேலை. இன்னும் இரண்டு வருடம் தள்ளினால் ஓய்வு.

அவர் வீட்டு முற்றத்தில் நின்றால் ஏழாம் நம்பர் லயம் தெரியும். ஒரே கூரையின் கீழ் எட்டு வீடுகள். முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக ஒரு மண்மேடு. அக்டோபர் மழையில் அந்த மேடு ஒரு சாண் இறங்கி லயத்தின் முதுகில் சாய்ந்தது. எட்டு வீட்டுச் சுவரும் வெடித்தன. அடுத்த மழைக்கு மேடு மிச்சத்தையும் இறக்கிவிடும் என்பதைச் சொல்ல யாரும் படித்திருக்கத் தேவையில்லை.

மூன்றாம் வீட்டு வீரம்மா வந்து கேட்டாள் என்று, கணேசமூர்த்தியின் மகள் தனுஷிகா கொட்டகலை ஸ்டூடியோவில் டிஜிட்டல் கமரா ஒன்றை இரவல் வாங்கி முப்பத்தொரு படம் எடுத்தாள். கமராவில் இருந்ததை அழித்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இப்போது அந்தப் படங்கள் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கின்றன. இந்தப் பெட்டிக்குள்.

வெடிப்புகள் இருந்தால் படம் எதற்கு என்று கேட்கலாம். வெடிப்புகள் இல்லை. போன சனிக்கிழமை நான்கு ஆட்கள் போய் சீமெந்து பூசி, சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். மேட்டு வெடிப்பில் மண் நிரப்பி, புல் பதித்தாயிற்று. இன்றைக்கு வருகிற அதிகாரி கல்யாண வீடு மாதிரி வெள்ளை வெளேரென்ற சுவரைப் பார்ப்பார். வாய்ப்பேச்சை நம்பி எட்டுக் குடும்பத்தை வெளியேற்று என்று எழுத மாட்டார். அந்த நான்கு ஆட்களையும் பெரட்டில் பெயர் சொல்லி அனுப்பியவர்? கணேசமூர்த்தி.

பூட்டு விழுந்தது அதற்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை.

தோட்டத்துப் பெரிய கிளாக்கர் துரைராசா அன்று காரியாலய வாசலில் அவரைத் தனியாக நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர்; அதட்டிப் பேசத் தெரியாதவர். “உம்மட மகள் எடுத்த படங்கள் ஆருடைய கண்ணிலயும் படாமப் பாத்துக்கொள்ளும், மூர்த்தி. துரை கேட்டவர்,” என்றார். அவ்வளவுதான். துரை என்றால் தோட்டத்து மானேஜர்; அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அழிக்கவும் கணேசமூர்த்திக்குக் கை வரவில்லை. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து பூட்டினார்.

விஷயம் அங்கேயே நின்றிருக்கும். இன்று காலைப் பெரட்டில் வீரம்மா கூடையோடு முன்னால் வந்து, “ஐயா, நம்ம போட்டோ எல்லாம் பத்திரமா இருக்குங்களா?” என்று கேட்டுத் தொலைத்தாள். நாற்பது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“இருக்கு,” என்றார் கணேசமூர்த்தி.

பெரட்டில் சொன்னது சொன்னதுதான். களத்தில் ஒன்று சொல்லிவிட்டு வீட்டில் ஒன்று செய்கிற கண்டாக்கின் பேச்சுக்கு மறுநாள் ஒருத்தி கூட மலை ஏற மாட்டாள். எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் எழுதி வைத்த சட்டங்கள் எதையும் விட அந்தத் தோட்டத்தில் ஒழுங்காக நடப்பது அதுதான்.

“பொட்டியத் தட்டித் தட்டிப் பாத்தா தெறந்துருமாக்கும்!” என்றபடி மனைவி மீனம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள். “தனுவுக்குப் போன் போடுங்களேன்.”

அதைத்தான் அவர் அரை மணி நேரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்.

தனுஷிகா ஹட்டனில் ஒரு கணினிப் பயிற்சி நிலையத்தில் படிப்பிக்கிறாள். வீட்டுக் கணினியில் ஆளுக்கொரு கணக்குத் திறந்தவள் அவள்தான். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. காரியாலயக் கணினி படுத்துக்கொள்ளும் நாட்களில் இங்கே வந்து கடிதம் அடிக்கும் கிளாக்கருக்கு ஒன்று. வீட்டு ஆட்கள் ஒரு குரூப், வெளியாள் ஒரு குரூப். அப்பாவின் கணக்கை முதலில் ‘லிமிட்டட்’ என்றுதான் போட்டாள். கணேசமூர்த்தி அந்தச் சொல்லைத் திரையில் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

“வீட்டுக்குப் பெரியவன் நான். நான் என்னத்துக்கு லிமிட்டட்?”

“அது மரியாதக் கொறவு இல்லப்பா. தப்பித் தவறி எதையும் அழிச்சிராம இருக்கத்தான்.”

“இருவத்தாறு வருசத்துல நான் எத அழிச்சேன்?”

மூன்றாம் நாள் அவர் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆனார். எந்தக் கோப்புறையை யார் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று டிக் போடும் இடத்தையும் அவள் காட்டிக் கொடுத்தாள். அவர் அதைப் பெரட்டுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் படிப்படியாக எழுதி வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை உதவியது அந்தப் பக்கம்தான்.

தொலைபேசியை எடுத்தார்.

“அப்பா? என்னப்பா இந்நேரம்? கிளாஸ்ல இருக்கேன்.”

“அந்த ஏழாம் லயத்துப் படம் தெறக்க மாட்டேங்குதும்மா.”

“எப்புடித் தெறக்காது? வெள்ளிக்கெழம காலையில கூட நான் பாத்தேனே.”

“காலையில பாத்த. சாயந்தரம்...”

“சாயந்தரம் என்ன?”

“செக்யூரிட்டில போயி டிக் போட்டேன்.”

“எதுல?”

“டினைல.”

“யாருக்கு?”

“எவ்ரிவன்னு மேல இருந்துச்சு. அதுக்கு.”

மறுமுனையில் அவள் மாணவர்களிடம் ஏதோ சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு குரல் தாழ்ந்து வந்தது. “எவ்ரிவன்னா அதுல நீங்களும் சேத்திதானப்பா.”

“நான் எப்புடிச் சேத்தி? பூட்டுறவனே நான்தான?”

“பெரட்டுல நின்னு ‘எல்லாரும் மலைக்குப் போங்க’ன்னு சொல்லுவீங்க. நீங்களா கூடையத் தூக்கிட்டுப் போறீங்க? அந்த நெனப்புலயே இங்கயும் போட்டுட்டீங்க. இந்தப் பொட்டிக்குக் கண்டாக்கும் தெரியாது, தொரையும் தெரியாது. எல்லாரும்னா எல்லாரும். ஒருத்தருக்குக் குடுக்கலாம்னு எத்தன எடத்துல சொல்லியிருந்தாலும், குடுக்காதன்னு ஒரு எடத்துல இருந்தா அதுதான் நிக்கும்.”

“அட்மினிஸ்ட்ரேட்டருக்குமா?”

“அட்மினிஸ்ட்ரேட்டருக்கும்தான். டிக் போட்டப்ப மஞ்ச முக்கோணம் ஒண்ணு வந்து கேட்டிருக்குமே?”

“வந்துச்சு. யெஸ் குடுத்துட்டேன்.”

“படிச்சீங்களா?”

“மத்தவங்களுக்குச் சொல்லுதுன்னு நெனச்சேன்.”

அவள் சிரிக்கவில்லை. “யாருக்காகப்பா பூட்டுனீங்க?”

கணேசமூர்த்தி ஜன்னல் வழியே பார்த்தார். ஏழாம் லயம் சுண்ணாம்பு வெளுப்பில் பளிச்சென்று நின்றது.

“கிளாக்கரையா ஒரு வார்த்த சொன்னாரு.”

“அழிக்கவா சொன்னாரு?”

“கண்ணுல படக் கூடாதுன்னாரு. நான் அழிக்கலல்ல?”

“அதுக்கு நான் கை தட்டணுமா?”

அவர் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

“சரி, நேரம் போவுது,” என்றாள் தனுஷிகா. “அந்த போல்டர் என் பேர்ல இருக்கு. என் கணக்குல போனா ரெண்டு நிமிசத்துல பூட்ட எடுத்துரலாம்.”

“அப்ப பாஸ்வேர்ட்டச் சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

“தனு!”

“என் பேர்ல தெறந்தா, நாளைக்குக் கிளாக்கரு கேக்குறப்ப ‘மகதான் தெறந்தா, நான் பூட்டித்தான் வச்சிருந்தேன்’னு சொல்லிருவீங்க. உங்களத் தெரியாதா எனக்கு? நீங்க பூட்டுனது. நீங்களே தெறங்க. வழி இருக்கு.”

அவருக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது பொய் என்றால் இன்னும் நன்றாக வந்திருக்கும்.

“சொல்லு,” என்றார்.

“போல்டர் மேல வச்சி வலப்பக்க பட்டன அமத்துங்க. கடைசியில புரொப்பர்ட்டீஸ். அதுல செக்யூரிட்டி. பாக்க அனுமதி இல்லன்னு சொல்லும், சொல்லட்டும். கீழ அட்வான்ஸ்ட். அங்க ஓனர்னு ஒரு எடம் இருக்கும். அட்மினிஸ்ட்ரேட்டருக்கு ஒரு அதிகாரம் மட்டும் மிச்சம் இருக்கும். உள்ள போக முடியாது. ஆனா ‘இது இனி என்னுது’ன்னு எடுத்துக்கலாம். எடுத்தவரு பூட்ட மாத்தலாம்.”

அவர் ஒவ்வொன்றாக அமத்தினார். பெட்டி கேட்டது, சொன்னது, விலகிக் கொடுத்தது. கடைசியில் ஓனர் பட்டியலில் இரண்டு வரி நின்றது.

“ரெண்டு பேரு இருக்கும்மா. ஒண்ணு அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்னு இருக்கு. ஒண்ணு என் பேரு.”

“மொதலாவது குரூப்பு. ரெண்டாவது நீங்க. எதப் போட்டாலும் தெறக்கும்.”

“குரூப்புல போட்டா யாரு எடுத்தான்னு தெரியாதுல்ல?”

“தெரியாது. உங்க இஷ்டம்ப்பா. கீழ சின்னக் கட்டம் ஒண்ணு இருக்கு, உள்ள உள்ளதுக்கெல்லாம் சேத்துன்னு. அதுல டிக் போட மறந்துராதீங்க. ஓகே குடுத்தா ஒண்ணு கேக்கும். இந்தத் தடவ படிச்சிட்டு யெஸ் குடுங்க. வைக்கிறேன்.”

தொலைபேசி ஓய்ந்தது. அவர் மவுஸைக் குரூப் வரிக்கு நகர்த்தினார்.

வாசலில் குடை மடக்கும் சத்தம்.

“என்ன மூர்த்தி, மலைக்குப் போகேல்லையோ?”

துரைராசா! கணேசமூர்த்தியின் விரல் விசைப்பலகையில் பாய்ந்தது. விண்டோஸ் விசையும் ‘எல்’ எழுத்தும். திரை நீலமாக மாறி, நான்கு பெயர்களைக் காட்டிக்கொண்டு சாதுவாக நின்றது.

“வயிறு சரியில்லீங்க கிளாக்கரையா.”

“ஒபீஸ் கொம்பியூட்டர் திரும்பவும் படுத்திட்டுது. துரைக்கு ஒரு கடிதம் அடிக்க வேணும். பத்து நிமிசம்.”

நாற்காலியை விட்டு எழுந்துகொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. துரைராசா தன் பெயரை அமத்தி உள்ளே போனார். பத்து நிமிடம் இருபதாயிற்று. இருபது முப்பத்தைந்தாயிற்று. ஒவ்வொரு சொல்லையும் அடித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்க்கிற மனிதர். கணேசமூர்த்தி பின்னால் நின்றபடி படித்தார். ஆங்கிலக் கடிதம். ஏழாம் லயத்தில் வழமையான பராமரிப்பு வேலை நடந்தது. சுவர்களில் வெடிப்பு எதுவும் காணப்படவில்லை. கீழே கையெழுத்துக்கு இரண்டு இடம். துரைக்கு ஒன்று. வெளிக்கள உத்தியோகத்தருக்கு ஒன்று.

பிரிண்டர் இரைந்து தாளைத் துப்பியது. துரைராசா பேனையை நீட்டினார்.

“உம்மட ஒப்பத்தை வையும்.”

“சனிக்கெழமைக்கு முன்னுக்கு அந்தச் சொவர நீங்க பாத்தீங்களாங்க?”

“நான் ஒபீஸை விட்டு வெளிய வாற ஆளே? துரை சொல்லுறார், நான் அடிக்கிறன்.” பேனை நீண்டபடியே இருந்தது. “எனக்கும் மூண்டு பிள்ளையள் படிக்குதுகள், மூர்த்தி. உமக்கு இன்னும் ரெண்டு வருசம். இந்தக் குவாட்டர்ஸும் தோட்டத்துக்குச் சொந்தம். நான் வெருட்டேல்லை. உள்ளதைச் சொல்லுறன்.”

“அதிகாரி வரட்டும்ங்க. அவங்க முன்னுக்கே வைக்கிறேன். அதுதான் செல்லும்.”

துரைராசா யோசித்தார். தலையாட்டினார். “அதுவும் சரிதான். படங்கள் இன்னும் கிடக்கே?”

“கெடக்குதுங்க.”

“ஆரும் பாத்தவையோ?”

“பாக்க முடியாதுங்க. எனக்கே தெறக்க மாட்டேங்குது.”

“அப்ப வடிவாத்தான் பூட்டியிருக்கிறீர்,” என்று சிரித்துக்கொண்டே துரைராசா தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

மணி பத்து இருபத்தைந்து.

கணேசமூர்த்தி கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். தன் பெயர், தன் கடவுச்சொல். ஓனர் பட்டியல் விட்ட இடத்திலேயே காத்திருந்தது. அம்புக்குறியை மறுபடியும் குரூப் வரியின் மேல் கொண்டுபோனார். அவர் அதைப் பார்த்தார். ஒரு வரி கீழே இறக்கினார். அமத்தினார். சின்னக் கட்டத்தில் டிக். ஓகே.

கேள்வி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். பழைய அனுமதி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, முழு அதிகாரத்தையும் உன் பெயரில் போடவா?

யெஸ்.

கோப்புறை சத்தமில்லாமல் திறந்தது. முப்பத்தொரு சின்னச் சின்னக் கட்டங்கள். நாலாவது படத்தில் வீரம்மா தன் வீட்டு வெடிப்புக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டுக்கொண்டு, போட்டோ என்பதால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பதினொன்று ஐந்துக்கு ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரி முப்பது வயது மதிக்கத்தக்க சிங்களப் பெண். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து. கூடவே துரைக்கு அடுத்தபடியான சின்னத்துரை, மடித்த கடிதத்தோடு. அவள் எட்டு வீட்டுக்குள்ளும் போனாள், சுவரைத் தட்டினாள், பின்பக்கம் போய் மேட்டைப் பார்த்தாள், புல்லைக் காலால் நெம்பினாள். திரும்பி வந்து சிங்களத்தில் சொன்னாள். “சுண்ணாம்பு புதுசு. ஆனால் வெடிப்பு இருந்தது என்பதற்கு எனக்கு ஏதாவது வேண்டும்.”

“ரிப்பேருக்குப் பூசுவது வழக்கம்தான்,” என்றார் சின்னத்துரை.

மலையிலிருந்து இறங்கி வந்திருந்த வீரம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “மிஸ், போட்டோ இருக்கு! நம்ம கண்டாக்கையா வீட்டுல. பத்திரமா இருக்குன்னு காலையில பெரட்டுல அவரே சொன்னாரு. கேட்டுப் பாருங்க.”

எல்லாக் கண்களும் ஒரே ஆளின் மேல் வந்து நின்றன. சின்னத்துரையின் கண்கள் உட்பட.

“இருக்குதுங்க,” என்றார் கணேசமூர்த்தி. “வீட்டுக்கு வாங்க.”

மீனம்மா மூன்று கோப்பை தேத்தண்ணி வைத்தாள். அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டு ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். ஒரு படத்துக்கு அரை நிமிடம். சின்னத்துரை சுவரில் சாய்ந்து நின்று சொன்னார். “இது எந்தச் சுவர், எந்த மாசம் என்று யாருக்குத் தெரியும்? கமராவில் தேதியை எப்படியும் வைக்கலாம்.”

அதிகாரி அதை மறுக்கவில்லை. நாற்காலியோடு திரும்பினாள். “அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இது அந்தச் சுவர்தான் என்று உத்தியோகபூர்வமாகச் சொல்ல ஆள் இருக்கிறதா?”

சின்னத்துரை கடிதத்தை விரித்து மேசையில் வைத்தார், கையெழுத்துக்கான வெற்றிடம் மேலே தெரியும்படி.

கணேசமூர்த்தி கடிதத்தைத் தொடவில்லை. சிங்களத்தில், பெரட்டில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னார். “அக்டோபர் இருபத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, என் மகள் எடுத்த படங்கள். நான் பக்கத்தில் நின்றேன். சனிக்கிழமை காலை ஆறரைக்குச் சுவர் பூச நாலு பேரை அனுப்பினேன். செல்லசாமி, அழகுமுத்து, கந்தப்பன், விஜிதரன். ஒன்பது மூட்டை சீமெந்து. பெரட்டுக் கொப்பியில் இருக்கிறது. அனுப்பியது நான்.”

“கொப்பியைக் காட்ட முடியுமா?”

அவர் எடுத்துக் கொடுத்தார். அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்துத் தேதியைக் குறித்துக்கொண்டாள். சின்னத்துரை கடிதத்தை மடித்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு, தனக்கு வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் வெளியே போய் ஜீப் பக்கத்தில் நின்றார்.

“உங்க பேரு?” என்று தமிழில் கேட்டாள் அதிகாரி, பேனையைத் தாளில் ஊன்றியபடி.

முழுப் பெயரையும் சொன்னார்.

பன்னிரண்டே காலுக்கு உத்தரவு எழுதியாயிற்று. ஏழாம் லயம் இன்று பொழுது சாய்வதற்குள் காலியாக வேண்டும். மறு உத்தரவு வரும்வரை எட்டுக் குடும்பமும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் தங்கும். படங்களை ஒரு சீடியில் ஏற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு ஜீப் ஏறினாள். சின்னத்துரை முன் இருக்கையில் நேராகப் பார்த்தபடி இருந்தார்.

மீனம்மா ஆறிப்போன அந்த மூன்றாவது கோப்பையை எடுத்துத் தானே குடித்தாள்.

“கடுதாசி எப்ப வரும்?” என்று கேட்டாள்.

“ஒரு கெழம ஆகும். வேற தோட்டத்துக்கு மாத்துவாங்க. இல்லாட்டி வீட்டுக்கு அனுப்புவாங்க.”

“வீடுன்னா? இதுதான நம்ம வீடு?”

கீழே ஏழாம் லயத்தில் ஆட்கள் கட்டிலைக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். வீரம்மா வாசலில் நின்றுகொண்டு அலுமாரியைப் பார்த்துத் தூக்கச் சொல்லி யாரையோ திட்டுவது இங்கே வரை கேட்டது. வடக்கே மேகம் கறுத்திருந்தது. நாலு மணிக்குள் மழை வரும். கணேசமூர்த்தி சப்பாத்தை மாட்டிக்கொண்டு இறங்கினார். எட்டு வீட்டுச் சாமான். எட்டு மணி நேர வேலை. கையில் நாலு கூட இல்லை.